டாக்டருக்குச் சால்வை, கணக்கு டீச்சருக்கு நாற்காலி தூக்கும் வேலையா?

சென்ற ஆண்டு ஏப்ரல் 14. எங்கள் சேரியில் அண்ணல் பிறந்தநாள் கூட்டம். மேடையில் மூன்று பேருக்குச் சால்வை போட்டார்கள். ஒருவன் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீட்டில் மருத்துவம் சேர்ந்த தம்பி. இன்னொருவன் பொறியியல். மூன்றாவது, குரூப் 2 தேர்ச்சி பெற்ற ஒரு தோழர். மூவருக்கும் கை வலிக்கத் தட்டினேன். அதில் எனக்கு எந்த மனக்குறையும் இல்லை.

கூட்டத்துக்கு நாற்காலி இறக்கியது, தண்ணீர் கேன் வைத்தது, பேச்சாளருக்குச் சோடா வாங்கி வந்தது எல்லாம் ஒரு பெண். பெயர் வேண்டாம். பி.எஸ்ஸி. கணிதம் மூன்றாம் ஆண்டு, அரசுக் கல்லூரி. நாங்கள் நடத்தும் இரவுப் பாடசாலையில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்கணிதம் சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். கூட்டம் முடிந்ததும் பேச்சாளர் அவளைக் கூப்பிட்டு, ‘என்னம்மா படிக்கிறே, அடுத்து என்ன?’ என்று கேட்டார். ‘பி.எட். போகணும் ஐயா, கணக்கு டீச்சராகணும்.’ அவர் சிரித்தார். ‘ஏம்மா, இன்னுமா வாத்தியார் வேலை? பெருசா கனவு காணு. ஐ.ஏ.எஸ். எழுது.’

சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவள் காலி சோடா பாட்டில்களை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தக் கட்டுரை அந்தச் சிரிப்புக்கு நான் அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதில்.

அண்ணலின் பெயரால் கூடிய கூட்டம் என்பதால் அவருடைய பள்ளிக்கூடத்திலிருந்தே தொடங்குகிறேன். பம்பாய் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் அவர் படித்த காலத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைத் தனஞ்செய் கீர் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டும்படி ஆசிரியர் பீமராவை அழைக்கிறார். வகுப்பே கூச்சல் போடுகிறது. காரணம், சாதி இந்துப் பிள்ளைகள் தங்கள் சாப்பாட்டு டப்பாக்களைக் கரும்பலகைக்குப் பின்னால்தான் வைத்திருந்தார்கள். அவர் பலகையைத் தொடுவதற்குள் ஓடிப்போய் டப்பாக்களை அப்புறப்படுத்துகிறார்கள்.

இதை நாம் தீண்டாமைக் கொடுமைக்கு ஓர் எடுத்துக்காட்டாக மட்டுமே மேடைகளில் சொல்கிறோம். எனக்கு அதில் எப்போதும் கண்ணில் படுவது அந்தக் கரும்பலகைதான். கரும்பலகைக்கு முன்னால் யார் நிற்கலாம், சாக்பீஸ் யார் கையில் இருக்கலாம் என்ற சண்டை அது. இன்றைக்கு டப்பாக்கள் இல்லை, சண்டை இருக்கிறது.

எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன், என் கதையாகவே. 1999இல் பத்தாம் வகுப்பு முடித்தேன். கணக்கில் 71. அப்பா கரும்பு வெட்டும் தொழிலாளி. பதினொன்றாம் வகுப்புச் சேர்க்கைக்குப் போனபோது சேர்க்கை போட்ட ஆசிரியர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார், பிறகு சாதிச் சான்றிதழைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ‘ஃபர்ஸ்ட் குரூப் உங்க பசங்களுக்கு வராதுடா. வரலாறு எடு. பாஸாவது பண்ணுவே.’ எனக்குப் பின்னால் நின்ற ஊர்ப்பையன் கணக்கில் 64. அவனுக்கு ஃபர்ஸ்ட் குரூப் வந்தது.

அந்தப் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருந்த தற்காலிகக் கணக்கு ஆசிரியர் ஒருவர் இருந்தார். பக்கத்து ஊர்ச் சேரிக்காரர். என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தலைமையாசிரியர் அறைக்குப் போனார். ‘இவன் தோத்தா என் சம்பளத்தைப் பிடிச்சுக்கங்க சார்’ என்றார். அவருக்கு அப்போது மாதம் ஆயிரம் ரூபாய்கூட இருக்காது. பிடிப்பதற்கு அதில் என்ன இருந்தது என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் நான் கணக்கு குரூப்பில் உட்கார்ந்தேன், கணக்கு படித்தேன், இன்று அரசுப் பள்ளியில் கணக்குப் பட்டதாரி ஆசிரியர்.

அவர் கடைசிவரை நிரந்தரம் ஆகவில்லை. கொஞ்ச நாள் டுடோரியல், பிறகு இன்சூரன்ஸ் ஏஜென்ட். அவர் ஆசிரியராகவே இருந்திருந்தால் இன்னும் எத்தனை பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போயிருப்பார்? அந்தக் கணக்கை என்னால் போட முடியவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் எந்த குரூப் என்பது வெறும் பாடத்தேர்வு கிடையாது. அங்கே கணக்கு எடுக்காதவர் பி.எஸ்ஸி. கணிதத்துக்கோ இயற்பியலுக்கோ போக முடியாது. அந்தப் பட்டம் இல்லாதவர் கணக்கு, இயற்பியல் ஆசிரியர் ஆக முடியாது. அப்படியானால் அடுத்த தலைமுறைப் பிள்ளை சேர்க்கைக்கு வரும்போது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார்? ‘உங்க பசங்களுக்கு வராது’ என்று சொன்னவரின் வாரிசுதான். வட்டம் முழுமையாகிவிட்டது. பள்ளிகளில் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள், நம் ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஆனால் இயற்பியல் ஆய்வகத்திலும் கணக்கு வகுப்பிலும் தேடிப் பாருங்கள். நான் பணியாற்றிய நான்கு பள்ளிகளில் பட்டியல் சாதியைச் சேர்ந்த கணக்கு ஆசிரியராக ஒவ்வொன்றிலும் நான் மட்டும்தான் இருந்தேன்.

பார்ப்பனியம் தன் ‘தகுதி’ப் பொய்யை வேறு எந்தப் பாடத்தையும்விடக் கணக்கின் மீதுதான் அழுத்தமாக எழுதி வைத்திருக்கிறது. ‘கணக்கு அவங்களுக்கு ரத்தத்துலயே வரும்’ என்று நம் அம்மாக்களே சொல்லிக் கேட்டிருப்பீர்கள். தமிழில் ஒரு பிள்ளை பின்தங்கினால் படிக்கவில்லை என்கிறார்கள். கணக்கில் பின்தங்கினால் மூளை இல்லை என்கிறார்கள். ஆறாம் வகுப்பில் பின்னம் சரியாகச் சொல்லிக் கொடுக்கப்படாத பிள்ளை ஏழாம் வகுப்பில் விகிதத்தில் விழும், எட்டாம் வகுப்பில் இயற்கணிதத்தில் விழும், ஒன்பதில் பெஞ்சின் கடைசியில் போய் உட்கார்ந்துவிடும். இந்தச் சரிவை நின்று பிடிக்க ஓர் ஆசிரியர் வேண்டும். வீட்டில் சொல்லித்தர ஆளோ, டியூஷனுக்குக் காசோ இருக்கிற பிள்ளைக்குப் பள்ளி ஆசிரியர் சரியில்லாவிட்டாலும் தப்பிக்க வழி உண்டு. சேரிப் பிள்ளைக்கு அந்த 45 நிமிடத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நேர்மையாக இருக்காது. நம் சாதியில் பிறந்த ஆசிரியர் என்றாலே நம் பிள்ளைகளுக்காக நிற்பார் என்பது உண்மை இல்லை. வேலை கிடைத்த மறுவருடம் நகரத்தில் மனை வாங்கி, ஊர்ப் பெயரைக்கூடச் சொல்லாமல் வாழ்கிறவர்கள் உண்டு. நானும் முதல் பள்ளியில் இரண்டு வருடம் வாயைத் திறக்கவில்லை. அதேபோல் பிற சாதியில் பிறந்து, சேரிப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சோறு போட்டுக் கணக்குச் சொல்லித்தந்த ஆசிரியர்களையும் அறிவேன். பிறப்பே எல்லாம் என்று நான் சொன்னால் எனக்கும் மனுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆனால் மாணவர்கள் நூறு பேரில் எண்பது பேர் ஒடுக்கப்பட்டவர்களாக இருக்கும் பள்ளியில், கணக்கும் அறிவியலும் நடத்துபவர்களில் ஒருவர்கூட அந்தத் தெருவிலிருந்து வந்தவராக இல்லை என்றால், அது தற்செயல் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டாம்.

1882இல் ஹண்டர் கல்விக் குழுவிடம் ஜோதிராவ் புலே அளித்த அறிக்கை இதைத்தான் பேசியது. தொடக்கப் பள்ளி ஆசிரியர்களில் ஏறக்குறைய எல்லாருமே பார்ப்பனர்களாக இருக்கிறார்கள், மக்களோடு கலந்து பழகக்கூடிய, உழைக்கும் சாதியிலிருந்து வந்தவர்களைப் பயிற்சி கொடுத்து ஆசிரியர்களாக்க வேண்டும் என்று கேட்டார். கூடவே, அவர்களுக்கு மாதம் 12 ரூபாய்க்குக் குறையாமல் சம்பளம் வேண்டும் என்றார். அப்போது ஆசிரியர்களின் சம்பளம் பத்து ரூபாயைத் தாண்டுவதே அரிதாக இருந்தது. யார் ஆசிரியர் ஆகிறார் என்பதையும் அவருக்கு என்ன சம்பளம் என்பதையும் புலே தனித்தனியாகப் பிரிக்கவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியராக சாவித்திரிபாயை உருவாக்கியவருக்கு, ஆசிரியரை உருவாக்கக் காசும் காலமும் வேண்டும் என்று தெரிந்திருந்தது. 140 ஆண்டு கழித்து நம் மேடைப் பேச்சாளருக்குத் தெரியவில்லை.

சரி, நம் பெண் ‘பெரிய கனவு’ காணாமல் கணக்கு டீச்சராகவே ஆகிறாள் என்று வையுங்கள். அவள் போகிற வழியைப் பாருங்கள்.

பி.எஸ்ஸி. மூன்று ஆண்டு. பி.எட். என்னுடைய காலத்தில் ஓராண்டு. 2015-16 முதல் இரண்டாண்டு. பயிற்சி ஆழமாக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கூடுதல் ஓராண்டை யார் தலையில் வைத்தார்கள்? கூலி வீட்டுப் பிள்ளைக்கு ஓராண்டு என்பது ஓராண்டுச் சம்பளம். தமிழ்நாட்டில் அரசுக் கல்வியியல் கல்லூரிகள் 7, அரசு உதவி பெறுபவை 14. இரண்டும் சேர்த்து எல்லாப் பாடத்துக்குமாகச் சுமார் 2,000 இடங்கள். மற்றபடி நூற்றுக்கணக்கில் இருப்பவை எல்லாம் தனியார் சுயநிதிக் கல்லூரிகள். அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்காத நம் பிள்ளை அங்கேதான் போக வேண்டும்.

‘எஸ்.சி.க்குத்தான் ஸ்காலர்ஷிப் இருக்கே’ என்று ஒரு நண்பர் சொன்னார். இருக்கிறது. பெற்றோர் ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. பல ஆண்டுகள் அந்தச் சுமையில் பெரும்பகுதியை மாநிலங்கள் தலையில் தள்ளிவிட்டு ஒன்றிய அரசு ஒதுங்கியே நின்றது. நாடு முழுக்க எதிர்ப்பு எழுந்த பிறகு 2020 டிசம்பரில்தான் 60க்கு 40 என்ற பங்கீடு வந்தது. இருக்கட்டும். பணம் எப்போது வரும்? கல்லூரி கட்டணத்தைச் சேர்க்கையன்று கேட்கும். உதவித்தொகை கல்வியாண்டு முடியும்போது வந்தாலும் வரும், முடிந்த பிறகு வந்தாலும் வரும். இடையில் இருக்கிற மாதங்களுக்கு யார் ஜாமீன்? வட்டிக்காரர். இல்லாவிட்டால் கழுத்தில் காதில் இருக்கிற கொஞ்சம். அதுவும் இல்லாவிட்டால் ‘அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்’. அந்த அடுத்த வருஷம் ஆயத்த ஆடைக் கம்பெனியின் பேருந்து ஏறிப் போய்விடும்.

கட்டணத்தோடு முடிவதும் இல்லை. இரண்டாண்டில் 20 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி. முழுநேர வேலை, சம்பளம் பூஜ்யம். பஸ் செலவு, கட்டிப்போக நாலு புடவை, சார்ட், மாடல், கட்டுக்கட்டாக ரெக்கார்டு நோட்டு. பி.எஸ்ஸி. படிக்கும்போது சனி ஞாயிறு கல்யாண மண்டபத்தில் பரிமாறப் போய்ச் செலவைச் சமாளித்த பையனால் இந்த 20 வாரம் அதுவும் முடியாது, ஏனென்றால் இரவெல்லாம் பாடத்திட்டம் எழுத வேண்டும். இதற்கு மாற்றாகச் சில தனியார் கல்லூரிகள் ஒரு ‘சலுகை’ தருகின்றன. கொஞ்சம் அதிகம் கட்டினால் வகுப்புக்கே வர வேண்டாம். பிள்ளை கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே வருகைப் பதிவை விலைக்கு வாங்குகிறது. பட்டம் வந்துவிடும். ஒரு வகுப்பறையில்கூட நின்று பார்க்காமல் ஆசிரியராகிவிடும். இதைச் சொல்லி நாளைக்கு ‘கோட்டாவில் வந்தவனுக்கு நடத்தத் தெரியவில்லை’ என்பார்கள். கற்றுக்கொள்ளும் நேரத்தை அவனிடமிருந்து பிடுங்கியது யார் என்று கேட்க மாட்டார்கள்.

அடுத்தது டெட். தமிழ்நாட்டில் முதல் தகுதித் தேர்வு 2012இல் நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள், தேர்ச்சி பெற்றவர்கள் 2,448 பேர். 150க்கு 90 எடுக்க வேண்டும், எல்லா சாதிக்கும் ஒரே கோடு. ஆந்திராவில் அப்போதே பட்டியல் சாதியினருக்கு 40 விழுக்காடு போதும் என்றிருந்தது. 69 விழுக்காடு இடஒதுக்கீட்டின் மண் என்று நெஞ்சு நிமிர்த்தும் தமிழ்நாட்டில் 5 விழுக்காடு தளர்வு கிடைக்க 2014 பிப்ரவரி வரை போராட வேண்டியிருந்தது. அதற்குள் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், பட்டப்படிப்பு மதிப்பெண், பி.எட். மதிப்பெண் எல்லாவற்றுக்கும் ‘வெயிட்டேஜ்’ என்று ஒரு ஏற்பாடு. முதல் தலைமுறையில் படித்து, எந்தப் பள்ளியில் ஆசிரியரே இல்லையோ அந்தப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவனை, அந்தப் பழைய மதிப்பெண்ணை வைத்து மறுபடியும் அடித்தார்கள். பிறகு 2018இல் அதையும் விட்டு, தகுதித் தேர்வில் தேறியவர்கள் நியமனத்துக்கு இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்று அரசாணை. தேர்வுக்கு மேல் தேர்வு. இடையில் வருடக்கணக்கில் நியமனமே இல்லை.

நான் இந்தத் தேர்வெல்லாம் வருவதற்கு முன் வேலைவாய்ப்பகப் பதிவு மூப்பில் வந்தவன். அதனால் இதைப் பேச எனக்கென்ன தகுதி என்று கேட்கலாம். கவலை வேண்டாம், 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பின்படி பணியில் இருப்பவர்களும் இரண்டாண்டுக்குள் டெட் தேற வேண்டும். இப்போது உளவியல் நோட்டு எனக்கு அந்தப் பெண்ணிடமிருந்துதான் வருகிறது. நான் எழுதிப் போடும் விடைகளைச் சிவப்பு மையில் திருத்துகிறாள், கையெழுத்தும் சரியில்லை என்கிறாள்.

இவ்வளவும் தாண்டியவருக்குக் கிடைப்பது என்ன? 2022இல் அரசுப் பள்ளிகளில் 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பச் சொன்னார்கள். பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய். எதிர்ப்புக்குப் பிறகுதான் அது 15,000 ஆனது. ஐந்தாண்டு கல்லூரியில் படித்த கணக்கு ஆசிரியருக்கு முதலில் விலை பேசியது 10,000. எங்கள் ஊரில் சித்தாள் வேலைக்கு மாதம் முழுக்கப் போகிற அக்காவுக்கு அதைவிடக் கூட வரும்.

எனக்குத் தெரிந்த ஆதிதிராவிடர் நலப் பள்ளி ஒன்றில் மூன்று ஆண்டில் நான்கு கணக்கு ஆசிரியர்கள் மாறினார்கள், நால்வரும் தற்காலிகம். ஆதிதிராவிடர் நலத்துறை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது. அண்டை வீட்டுக்காரரின் நிழல்கூடப் படாத பிள்ளைகளுக்காகத் தொடங்கிய பள்ளிகள் இவை. நாங்குநேரி கொடுமைக்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி அடையாளம் நீக்கப்பட வேண்டும், இவற்றையெல்லாம் ஒரே நிர்வாகத்தின்கீழ் கொண்டுவர வேண்டும் என்றது. 2025 ஜூலையில் விடுதிகளுக்குச் ‘சமூகநீதி விடுதி’ என்று பெயர் மாற்றினார்கள். பெயர் மாறட்டும், நல்லது. பெயர்ப்பலகை எழுதியவருக்குக் கூலி கொடுத்தாயிற்றா என்று கேட்பதற்கு முன், உள்ளே கணக்கு நடத்த ஆள் நிரந்தரமாக உண்டா என்று கேளுங்கள்.

ஆசிரியரை உருவாக்கப் பணம் செலவழிப்பது ஏதோ நடக்காத காரியம் என்று நினைக்க வேண்டாம். முதலாளித்துவத்தின் தலைநகரமான அமெரிக்காவிலேயே நாய்ஸ் என்ற பெயரில் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் உதவித்தொகைத் திட்டம் இருக்கிறது. கணக்கு, அறிவியல் படிக்கும் பல்கலைக்கழக மாணவர் ஆசிரியராக வர ஒப்புக்கொண்டால் படிப்புக்குப் பணம் கொடுக்கிறார்கள். வாங்கிய ஒவ்வோர் ஆண்டுக்கும் இரண்டாண்டு, ஆசிரியர் பற்றாக்குறையும் வறுமையும் மிகுந்த பகுதிப் பள்ளியில் அவர் வேலை செய்ய வேண்டும். இங்கிலாந்தில் 2024-25இல் கணக்கு, இயற்பியல் ஆசிரியர் பயிற்சிக்குச் சேர்ந்தவர்களுக்கு 28,000 பவுண்டு கொடுத்தார்கள். அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கணக்கு தெரிந்த இளைஞர் தானாக வகுப்பறைக்கு வந்து விடமாட்டார், கம்பெனிக்குப் போய்விடுவார் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நம்மிடம் என்ன இருக்கிறது? அடிப்படை அறிவியல் படிப்பவர்களுக்கு ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000. அது பன்னிரண்டாம் வகுப்பில் மேலே இருக்கும் ஒரு விழுக்காட்டுக்கு. நோக்கம் ஆராய்ச்சியாளரை உருவாக்குவது. ஆராய்ச்சியாளருக்குப் பாடம் எடுத்தவரை உருவாக்குவது யார் வேலை என்று அங்கே எழுதவில்லை. மைசூரில் ஒன்றிய அரசின் மண்டலக் கல்வி நிறுவனம் 1963 முதல் இருக்கிறது. நான்கே ஆண்டில் பி.எஸ்ஸி.யும் பி.எட்.டும் சேர்ந்து முடியும், குறைந்த கட்டணம், தென் மாநிலங்கள் எல்லாவற்றுக்கும் உரியது. எங்கள் வட்டாரத்துப் பள்ளிகளில் எத்தனை பிள்ளைகளுக்கு அதன் பெயர் தெரியும் என்று கேட்டுப் பார்த்தேன். பிள்ளைகளை விடுங்கள், ஆசிரியர்களுக்கே தெரியவில்லை.

மாநில அரசு 7.5 விழுக்காட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளி மாணவருக்குக் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் தானே ஏற்கிறது. வரவேற்கிறேன். அதே கையால் பி.எஸ்ஸி. கணிதம் முடித்து ஆசிரியராக வருவேன் என்கிற பிள்ளைக்கும் கட்டுங்கள் என்கிறேன். கட்டணத்தை மாணவர் கணக்கில் என்றைக்கோ போடாமல், சேர்க்கை நாளன்றே கல்லூரிக்கு அரசு பொறுப்பேற்கட்டும். 20 வாரப் பயிற்சிக்கு, மருத்துவ மாணவர் ஹவுஸ் சர்ஜனாக இருக்கும்போது தருவதுபோல, மாத உதவித்தொகை கொடுங்கள். நம் விடுதிகளில் கல்லூரி மாணவருக்கு உணவுப் படி 2023இல்தான் மாதம் 1,500 ஆனது. ஒரு நாளைக்கு 50 ரூபாய், மூன்று வேளைக்கும். இதை வைத்துக்கொண்டு வகையீட்டுச் சமன்பாடு படிப்பவனை மேடையில் தகுதி பற்றிக் கேட்பவர், முதலில் ஒரு வாரம் அந்த 50 ரூபாயில் சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

பதினொன்றாம் வகுப்பு குரூப் சேர்க்கையில் ஒவ்வொரு பள்ளியும் எந்தப் பிரிவில் எந்தச் சமூகப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும் என்றும் கேட்கிறேன். காசு செலவில்லாத கோரிக்கை. அதனாலேயே இதற்குத்தான் எதிர்ப்பு அதிகம் வரும்.

இனி நம் ஆட்களிடம் இரண்டு வார்த்தை. இயக்கத் தோழர்களிடம் கணக்கு, அறிவியல் என்று பேசினால் இரண்டு பதில்கள் வருகின்றன. ஒன்று, ‘வரலாறு சொல்லிக் கொடுங்க தோழர், அதுதான் அரசியல்.’ வரலாறு வேண்டும்தான். ஆனால் நம் பிள்ளையை அடையாளம் பார்த்து வெளியே நிறுத்துகிற வாசல் கணக்கு வகுப்பில் இருக்கிறது. வாசலில் நம் ஆள் இல்லாமல் உள்ளே போய் எந்த அரசியலைப் பேசுவது? இரண்டாவது, ‘நாம காசு போட்டுப் படிக்க வைச்சா அரசு தப்பிச்சுக்கும்.’ இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள், என்னைப்போல. அரசைத் தப்பவிடச் சொல்லவில்லை. வழக்குப் போடுங்கள், மறியல் செய்யுங்கள், நானும் வருகிறேன். ஆனால் கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசி நாள் என்று ஒன்று இருக்கிறது. அது நம் மாநாட்டுத் தீர்மானத்துக்காகக் காத்திருப்பதில்லை.

சென்ற ஆண்டு நாங்கள் செய்தது இவ்வளவுதான். அந்தப் பெண்ணுக்கு அரசுக் கல்லூரியில் இடம் கிடைக்கவில்லை. தனியார் கல்லூரியில் முதலாண்டுக்கு எல்லாம் சேர்த்து 55,000 கேட்டார்கள். நான், ஒரு மின்வாரியத் தோழர், இரண்டு செவிலியர்கள், ஒரு ஆட்டோ ஓட்டுநர், ஒரு வழக்கறிஞர், ஆறு பேர் பிரித்துப் போட்டோம். நன்கொடை கிடையாது, கைமாற்று. உதவித்தொகை வரும்போது திருப்பித் தர வேண்டும், வட்டி இல்லை. எட்டு மாதம் கழித்து வந்தது. வந்த அன்றே கொண்டுவந்து கொடுத்தாள். உதவித்தொகையில் வராத மீதியை மட்டும் நாங்கள் எழுதித் தள்ளிவிட்டோம். ஆட்டோ தோழர் தன் பங்கை எண்ணிப் பார்த்துவிட்டு, ‘இதை அப்படியே அடுத்த ஆளுக்குப் போடுங்க’ என்று திருப்பிக் கொடுத்தார். பிறகு மற்றவர்களும் கொடுத்தோம். வழக்கறிஞர் மட்டும் இரண்டு நாள் யோசித்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர் இதைப் படிப்பார்.

அண்மையில் அவளுக்கு முதலாண்டின் நான்கு வாரப் பள்ளிப் பயிற்சி. எட்டாம் வகுப்புக்குப் பின்னம் நடத்தியிருக்கிறாள். கடைசி பெஞ்சில் இருந்த பையன் ஒருவன் எழுந்து பலகைக்கு வர மறுத்திருக்கிறான். ‘எனக்குக் கணக்கு வராது டீச்சர்’ என்றானாம். ‘யாரு சொன்னா?’ என்று கேட்டிருக்கிறாள். பதில் சொல்லவில்லையாம். ‘நான் திரும்பத் திரும்பக் கேட்டேன்ணா, நாலாவது நாள் எந்திரிச்சு வந்தான். கணக்கைத் தப்பாத்தான் போட்டான். பரவால்ல, சாக்பீஸைப் பிடிச்சான்ல’ என்றாள்.

இந்த ஆண்டு எங்கள் இரவுப் பாடசாலையிலிருந்து இன்னும் இரண்டு பேர் பி.எட். போக நிற்கிறார்கள். ஒருவன் இயற்பியல், அப்பா செங்கல் சூளை. இன்னொருத்தி கணிதம், அம்மா மட்டும். கையில் இருப்பது ஒருவருக்கான பணம். உங்கள் ஊரிலும் இப்படி நாற்காலி தூக்கிக்கொண்டு இரண்டு பேர் நிற்பார்கள். அடுத்த கூட்டத்தில் சால்வை வாங்குவதற்கு முன் அவர்கள் யார் என்று கேட்டுப் பாருங்கள். சேர்க்கை ஜூலையில் தொடங்கும்.